பகுதியெண் ஒன்றாகிய வரலாறு

அரையுடன் மூன்றிலொன்றைக் கூட்டுக என்றால், மேலெண்களைத் தனியாகவும் கீழெண்களைத் தனியாகவும் கூட்டி, ஐந்திலிரண்டு என விடை கூறும் மாணாக்கர் எந்நாட்டிலும் உளர். ஐந்திலிரண்டோ அரையினுங் குறைந்தது. கூட்டக் கூட்டக் குறையுங் கணக்கினாற் பங்காளியின் நிலமும் வணிகனின் முதலும் அழியுமன்றோ? இவ்விடரை முன்னோர் எவ்வாறு கடந்தனர் என்பது அறியத்தக்கது.

கி. மு. 1550 அளவில் எகிப்திய எழுத்தர் ஆமோசு படியெடுத்த பப்பிரசுச் சுருளில் ஒரு வினா உண்டு. மூன்றிலிரண்டும் பதினைந்திலொன்றுஞ் சேர்ந்து ஒன்றாதற்கு இன்னும் எவ்வளவு வேண்டும்? பதினைந்தை அளவாகக் கொள்ளின் முன்னது பத்து, பின்னது ஒன்று. ஆகவே குறை நான்கு. இத்தகைய துணையெண்களை எகிப்தியர் செம்மையால் எழுதினர். பொதுப் பகுதியெண்ணின் வித்து அதுவே.

இந்தியாவிற் பிரமகுப்தர் கி. பி. 628 இல், ஒன்றன் பகுதியெண்ணால் மற்றதன் தொகுதியையும் பகுதியையும் பெருக்கிப் பின் கூட்டும் விதியை வகுத்தார். இவ்வழியில் எண்கள் வீணே பெருகும். ஏறத்தாழ 850 இல் வாழ்ந்த மகாவீரர், பொதுமடங்குகளுட் சிறியதை 'நிருத்தம்' எனப் பெயரிட்டுக் கையாண்டு அச்சுமையைக் குறைத்தார்.

தமிழர் வழி வேறு. அவர் பின்னங்களுக்குப் பெயரே இட்டனர். மாகாணி பதினாறிலொன்று, மா இருபதிலொன்று, காணி எண்பதிலொன்று, முந்திரி முந்நூற்றிருபதிலொன்று. மாகாணியும் மாவுங் கூடினால் எவ்வளவு? மாகாணியில் இருபது முந்திரி, மாவிற் பதினாறு, ஆக முப்பத்தாறு. இருமாவுக்கு முப்பத்திரண்டும் காணிக்கு நான்குமாகப் பிரித்தால், விடை 'இருமாவே காணி'. முந்திரியே பொதுப் பகுதியெண்ணாய் நின்று உதவியது. திண்ணைப் பள்ளி மாணாக்கர் எண்சுவடியை மனனஞ் செய்தமையால், இக்கூட்டல் அவர்க்கு நாவிலேயே நிகழ்ந்தது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுக்கள், நிலத்தை வேலியின் மிக நுண்ணிய கூறுகள்வரை பகுத்து உரைக்கின்றன. நிலவரி அவ்வளவையே பற்றி நின்றது. கூட்டல் பிழைப்பின் உழவனுக்கோ அரசுக்கோ இழப்பு உறுதி.

செம்மை எண்ணும், நிருத்தமும், முந்திரியும் கூறும் உண்மை ஒன்றே. இனம் வேறானவற்றை எண்ணிக் கூட்டலாகாது. முதலில் ஓரினமாக்கி, அதன் பின்னரே கூட்டல் வேண்டும். இன்று பள்ளிப் பிள்ளை பகுதியெண்களைச் சமமாக்கும்போது செய்வதும் இதுவே.