சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில், கோலாலம்பூருக்கு வடமேற்கே 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோயாளர் குடியிருப்பு. ‘நம்பிக்கைப் பள்ளத்தாக்கு’ என்றும் பெயர். சிறை போன்ற விடுதிக்கு மாற்றாக, வீடும் தோட்டமும் கொண்ட தனி ஊராகவே இது அமைக்கப்பட்டது. நோயை வென்றது மருந்து மட்டுமே என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மை. டாப்சோன் என்னும் மருந்து வந்தபின் குணமடைவோர் பெருகினர். ஆனால் அம்மருந்தை எதிர்த்து நிற்கும் கிருமிகள் உருவானதை 1964-இல் ஆய்வாளர்கள் பெட்டிட், ரீஸ் ஆகியோர் இங்குள்ள நோயாளிகளைக் கொண்டே நிறுவினர். எலியின் பாதத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை அதற்கு உதவியது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்ததற்கு மருந்து எதிர்ப்பே முக்கியக் காரணம்.

நீண்டகாலம் ஓரிடத்தில் தங்கி, தொடர்ந்து கவனிக்கப்பட்ட நோயாளிகள் இல்லாமல் இந்தச் சான்று எளிதில் கிடைத்திருக்காது. அப்படியானால் நோயாளிகள் மீது இங்கு சுமத்தப்பட்ட கட்டாயத் தனிமையைப் புகழ்கிறோமா என்று கேட்கலாம். இல்லை, இங்கு பிறந்த குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்த கொடுமையை எந்தக் கண்டுபிடிப்பும் ஈடுசெய்யாது. குணமானவர்களையும் ஊர் ஏற்கத் தயங்கியபோது, அவர்களுக்குக் கைகொடுத்தது சொந்த முயற்சிதான்: குடியிருப்புவாசிகள் வளர்த்த செடிப்பண்ணைகளைத் தேடி இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்ட ஆர்வலர்கள் வருகிறார்கள். குடியிருப்பின் ஒரு பகுதி 2007-இல் இடிக்கப்பட்டது.