எலும்பு ஏற்கும் திருகு: பல் இம்ப்ளாண்ட் பற்றி வடசென்னை நோயாளிகள் அறிய வேண்டியவை

முன்னுரை

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல் மருத்துவமனைப் பெயர்ப்பலகைகளில் இன்று பரவலாகக் காணும் சொல் ‘இம்ப்ளாண்ட்’. விழுந்த பல்லுக்கு மாற்று தேடி வருபவர் முதலில் கேட்பது, ‘எவ்வளவு ஆகும்?’ அடுத்தது, ‘எத்தனை நாளில் முடியும்?’ இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய ஒன்று உண்டு: ‘என் எலும்பு இதைப் பிடித்துக்கொள்ளுமா?’ மருத்துவர் திருகை வைக்கிறார். பிடித்துக்கொள்வது நோயாளியின் தாடை. நோயாளி அறிய வேண்டியவை அனைத்தும் இந்த ஒரு செய்தியிலிருந்தே கிளைக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து.

1. உலோகமும் எலும்பும்

இம்ப்ளாண்ட் மூன்று பாகங்களால் ஆனது. எலும்புக்குள் இறங்கும் டைட்டானியத் திருகு, அதன்மேல் பொருத்தும் அபட்மென்ட் என்னும் இணைப்புத் துண்டு, வெளியே பல்லாகத் தெரியும் கேப். 1952-இல் ஸ்வீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் ப்ரோனேமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார். அது எலும்போடு ஒன்றிப்போயிருந்தது. 1965-இல் முதன்முதலாக கோஸ்டா லார்சன் என்பவரின் தாடையில் இத்திருகுகளை வைத்தார். 2006-இல் லார்சன் இறக்கும்வரை அவை பயன்பட்டன.

காசிமேட்டில் படகின் ஆணியும் சங்கிலியும் உப்புக்காற்றில் துருவேறுவதைத் தினமும் பார்ப்பவருக்கு ஓர் ஐயம் எழலாம்: வாயின் ஈரத்தில் உலோகம் அரிக்காதா? டைட்டானியம் காற்றுப் பட்டவுடனே தன்மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. கடல்நீரால் குளிர்விக்கும் மின்நிலையங்களில் குழாய்களுக்கு இவ்வுலோகத்தைத் தேர்வதும் அதனால்தான். எலும்புச் செல்கள் ஒட்டி வளர்வதும் இப்படலத்தின் மேல்தான்.

ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இயற்கைப் பல்லைச் சுற்றி மெத்தைபோல் ஒரு நார்ப்படலம் உண்டு. இம்ப்ளாண்டுக்கு அது இல்லை. கடிக்கும் விசை நேராக எலும்பில் இறங்கும். தூக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

2. எலும்பைக் கெடுப்பவை

புகையிலை முதலாவது. புகைப்பவரிடம் இம்ப்ளாண்ட் தோற்கும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரவு ஷிப்டில் தூக்கம் விரட்ட வாயில் அடக்கும் ஹான்ஸ், மாவா போன்ற புகையிலை வகைகள் வேறுவகைக் கேடு செய்கின்றன. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழகத்தில் 2013-இலேயே தடை வந்தது, பழக்கம் ஒழிந்தபாடில்லை. பாக்கு கலந்தவற்றை ஆண்டுக்கணக்கில் மென்றவருக்குக் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாய் திறப்பு குறுகும். வீட்டிலேயே சோதிக்கலாம்: மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் செங்குத்தாக வாய்க்குள் வைக்க முடிகிறதா? முடியாவிட்டால், கடைவாய்ப் பகுதியில் துளைக்கருவி நுழையவே இடமிராது. இம்ப்ளாண்டுக்கு முன் அந்த நோயைக் கவனிக்க வேண்டும். அது புற்றுநோயாகவும் மாறக்கூடியது.

இரண்டாவது சர்க்கரை. அன்றைய காலை அளவு போதாது. மூன்று மாதச் சராசரி தேவை. அது 8 விழுக்காட்டைத் தாண்டினால், குறையும்வரை அறுவையைத் தள்ளிவைப்பதே நலம்.

மூன்றாவது மருந்துகளும் பிற சிகிச்சைகளும். எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரை, ஊசி, தாடைக்குக் கொடுத்த கதிர்வீச்சு, ரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை ஆகிய எதையும் மறைக்கக் கூடாது. மருந்துகளைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

நான்காவது தாமதம். பல் எடுத்த ஓராண்டுக்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் பாதியளவு குறையலாம். அப்போது எலும்புத் தூள் வைத்து நிரப்ப நேரிடும்; செலவும் மாதங்களும் கூடும்.

3. காலமும் கூலி நாளும்

வழக்கமான முறையில் கீழ்த்தாடையில் எலும்பு ஒட்ட ஏறத்தாழ 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம்வரை ஆகும். பரிசோதனையும் ஸ்கேனும், அறுவை, தையல் பிரித்தல், அளவெடுத்தல், கேப் மாட்டல் எனக் குறைந்தது ஐந்து வருகை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. அதையும் மொத்தச் செலவில் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

விசைப்படகில் பல நாள் தங்கல் போகிறவருக்கு அறுவைக்கு ஏற்ற காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வீக்கமோ சீழோ தோன்றினால் நடுக்கடலில் மருத்துவர் கிடையாது.

‘ஒரே நாளில் பல்’ என்பது முழுப் பொய்யன்று. எலும்பு உறுதியாக இருந்தால் அன்றே தற்காலிகப் பல் பொருத்தலாம். ஆனால் அது பார்வைக்கு. கடித்து மெல்வதற்கு அல்ல.

4. துளையிடும்போது பாயும் நீர்

துளையிடும்போது எலும்பு சூடேறும். 47 பாகை செல்சியஸில் ஒரு நிமிடம் இருந்தாலே எலும்புச் செல்கள் மடியும். அதனால்தான் இடைவிடாமல் சலைன் பாய்ச்சுகிறார்கள். எலும்பைக் காக்கும் அந்த நீரே உயிரைப் பறித்த கதையும் தமிழகத்தில் உண்டு. 2023-இல் வாணியம்பாடியில் ஒரே பல் மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற 10 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் தொற்று ஏற்பட்டது. 8 பேர் இறந்தனர். அறுவைக் கருவியால் திறந்த சலைன் புட்டியைச் சரியாக மூடாமல் அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியது வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்டோரின் ஆய்வில் தெரியவந்தது.

ஆகவே, ‘சலைன் புட்டியை எனக்காகப் புதிதாகத் திறக்கிறீர்களா? ஆட்டோகிளேவில் கிருமி நீக்கிய கருவிகளின் உறையை என் கண்முன் பிரிப்பீர்களா?’ என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல மருத்துவர் இதற்காகக் கோபிக்க மாட்டார்.

5. மாற்று வழிகளும் செலவும்

பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே கேப் போட்டவையாக இருந்தால், அவற்றின் மேல் பொருத்தும் பிரிட்ஜ் போதும். அவை நல்ல பற்களாக இருந்தால் அவற்றை ராவுவது இழப்பு. பல பற்கள் இல்லாத முதியவருக்குக் கழற்றி மாட்டும் பல்செட் இன்றும் மரியாதையான தீர்வே. விபத்து தவிர மற்றவற்றுக்குக் காப்பீடு பெரும்பாலும் கைகொடுக்காது. கடன் வாங்குமுன், கடற்கரை நிலையத்துக்கு அடுத்த கோட்டை ரயில் நிலையத்தின் எதிரிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரு கருத்துக் கேட்பது நல்லது.

தனியாரிடம் செய்தால் திருகு, அபட்மென்ட், கேப், ஸ்கேன், எலும்புத் தூள் ஒவ்வொன்றின் விலையும் தனித்தனியே எழுத்தில் வேண்டும். விளம்பரத்தில் காணும் விலை திருகுக்கு மட்டுமா என்பதே பல தகராறுகளின் வேர். ரசீதை வாங்கி வையுங்கள். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்டது என 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது.

முடிவுரை

பத்தாண்டு கழித்தும் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்ப்ளாண்டுகள் நிற்கின்றன. நில்லாதவற்றுள் பல, சுற்றியுள்ள ஈறு அழுகி எலும்பு கரைவதால் விழுபவை. அது வலிக்காமலே நடக்கும். பல் துலக்கும்போது கசியும் ரத்தம்தான் முதல் அடையாளம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டிக்கொள்வது அதற்காகவே.

திருகு வந்த உறையில் நிறுவனப் பெயரும் அளவும் தொகுதி எண்ணும் கொண்ட ஸ்டிக்கர் இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ரேஷன் அட்டை இருக்கும் பையிலேயே வையுங்கள். இருபது ஆண்டு கழித்து அபட்மென்ட் தளர்ந்தால், வேறொரு மருத்துவர் எந்தத் திருப்புளியை எடுப்பது என்று அந்தச் சிறு தாள்தான் சொல்லும்.