சுருட்டுக்கு எந்த ஊர்?

"நம்ம சுருட்டு இனிமே வராதாம்டா. போட்டவரு கடைய மூடிட்டாராம்" என்றார் தாத்தா. வாழவந்தியில் காபிச் செடிகளுக்கு நடுவே நாற்பது வருஷமாக அவர் பிடித்த திருச்சி சுருட்டு. அதற்கு மாற்று தேடுவது என் வேலையாயிற்று.

நேராக உறையூர் போய் நாலைந்து வகை வாங்கிவந்தேன். ஒவ்வொன்றையும் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, "இது இல்லப்பா" என்றார்.

பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். 'செரூட்' என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டுதான். 1887இல் வந்த 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' கதையில், தரையில் கிடந்த சாம்பலை வைத்தே கொலையாளி பிடித்தது டிரிச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று ஷெர்லாக் ஹோம்ஸ் சொல்லிவிடுவார். லண்டன் வரை போனது திருச்சியின் பெயர். ஆனால், அதற்குப் பேர்போன இலை திண்டுக்கல் பக்கத்து இலை. ஸ்பென்சர் கம்பெனி அங்கேயே சுருட்டு ஆலை நடத்தியது. சுருட்டிய ஊருக்குப் பெயர் நின்றது, விளைவித்த ஊர் பின்னால் போய்விட்டது.

எங்கள் மலைக் காபியும் அப்படித்தான். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் கொண்டுவந்த செடி. தாத்தா ஆயுசு முழுக்கப் பழம் பறித்தார். அதைக் குடிப்பவர்களில் எத்தனை பேர் வாழவந்தி என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்?

நான் தேடியது பெயரை. தேடியிருக்க வேண்டியது இலையை. அடுத்த முறை திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

தாத்தா மூன்றாவது இழுப்பும் இழுத்தார். "அதேதான்னு சொல்ல மாட்டேன். கிட்ட வந்துடுச்சு." கொஞ்ச நேரம் கழித்து, "இது எந்தக் காட்டு எலைடா?" என்றார்.

நாற்பது வருஷத்தில் அதை அவர் கேட்டதில்லை.