அண்ணன்மார் சுவாமி கதை (அசைவூட்டத் தொடரும் திரைப்படமும்)

அண்ணன்மார் சுவாமி கதை என்பது கொங்கு நாட்டில் உடுக்கையடிப் பாடலாகப் பல இரவுகள் தொடர்ந்து பாடப்பட்டு வரும் நாட்டார் காப்பியம் ஆகும். பொன்னர், சங்கர் என்னும் இரட்டையரின் வீரத்தையும் மரணத்தையும் கூறுவதால் இது பொன்னர் சங்கர் கதை எனவும் அழைக்கப்படுகிறது. இக்கதை அசைவூட்டத் தொடராகவும், 2011 இல் நடிகர்கள் நடித்த திரைப்படமாகவும் வெளிவந்துள்ளது. இவற்றுள் ஒன்று மற்றொன்றின் தழுவல் அன்று. தொடர் பாடகரின் வாய்மொழியையும், திரைப்படம் ஒரு புதினத்தையும் மூலமாகக் கொண்டவை.

கதைச் சுருக்கம்

பொன்னிவளநாட்டை ஆண்ட குன்றுடையான், தாமரை இணையருக்கு நெடுங்காலம் பிள்ளைப்பேறு இல்லை. தாமரை கயிலை சென்று கடுந்தவம் புரிந்து சிவனிடம் வரம் பெறுகிறாள். பொன்னர், சங்கர், தங்கை தங்காள் ஆகிய மூவரும் ஒன்றாகப் பிறக்கின்றனர். ஆனால் ஆண்மக்கள் இருவருக்கும் பதினாறு ஆண்டு ஆயுளே விதிக்கப்படுகிறது. பங்காளிகள் கொல்ல முயல்வதால் அவ்விருவரும் மறைவாக வளர்க்கப்படுகின்றனர். பின்னர் வேட்டுவருடன் பகை முற்றுகிறது. வயல்களை அழித்த கொம்பன் என்னும் காட்டுப்பன்றியைச் சங்கர் கொல்கிறான். போரின் முடிவில் தன் காலம் முடிந்ததை உணர்ந்து அவன் தன் வாளிலேயே வீழ்கிறான். பொன்னரும் அவ்வாறே உயிர் துறக்கிறான். காடெங்கும் தேடிவரும் தங்காள் அண்ணன்மாரைச் சிறிது நேரம் உயிர்ப்பித்துப் பேசுகிறாள்.

முதன்மைக் கதைமாந்தர்

பொன்னர் - மூத்தவன், அமைதியானவன்.
சங்கர் - இளையவன். சினமும் போர்க்குணமும் மிக்கவன்.
தங்காள் (அருக்காணி) - தங்கை. வருவதை முன்னுணரும் ஆற்றல் உடையவள்.
சாம்புகன் - இரட்டையரின் துணைவன்.
தலையூர்க் காளி - வேட்டுவர் தலைவன்.
மாயவர் - உதவியும் செய்து, முடிவையும் கொண்டுவரும் திருமால்.
பொன்னாச்சி - கொம்பனை வெல்லத் துணைநின்ற சிறு பெண்நாய்.

அசைவூட்டத் தொடர்

கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 ஆம் ஆண்டளவில் காங்கேயம் பகுதியில் தங்கி ஆய்வு செய்தபோது இக்கதையை ஒலிப்பதிவு செய்தார். அப்பதிவை அடிப்படையாகக் கொண்டு அவரது முயற்சியில் 26 பகுதிகள் கொண்ட தொடர் தமிழிலும் ஆங்கிலத்திலும் உருவானது. தேவர்களின் தலையீடு, பேசும் விலங்குகள், தாமரையின் தவம் ஆகியவை இதில் இடம்பெறுகின்றன. இரட்டையரின் பாட்டனார் காலத்திலிருந்தே கதை தொடங்குவதால், காட்டைத் திருத்தி உழவு செய்தோருக்கும் வேட்டையாடி வாழ்ந்தோருக்கும் இடையிலான மோதலே பகையின் வேர் என்பது விளங்குகிறது.

திரைப்படம்

பொன்னர் சங்கர் திரைப்படம் மு. கருணாநிதியின் அதே பெயர் கொண்ட புதினத்தைத் தழுவியது. தியாகராசன் இயக்க, இளையராசா இசையமைத்தார். பிரசாந்த் இரட்டை வேடத்திலும், குசுபூ தாமரையாகவும், சினேகா அருக்காணியாகவும், இராச்கிரண் இரட்டையரை வளர்க்கும் ஆசான் இராக்கியண்ணனாகவும், பிரகாசுராச் எதிரி மந்தியப்பனாகவும் நடித்தனர். இதில் தெய்வச் செயல்களைவிட மனிதரின் சூழ்ச்சியே கதையை நகர்த்துகிறது. அண்ணன் மகள்களைத் தன் மகன்களுக்கு மணமுடிப்பேன் என்னும் தாமரையின் சூளுரை முதன்மை பெறுகிறது.

வேறுபாட்டின் பொருள்

வாய்மொழிக் கதையில் முடிவு பிறப்பிலேயே விதிக்கப்பட்டது. அதை முன்னுணர்ந்தும் தடுக்க இயலாத தங்கையின் துயரமே கதையின் உச்சம். திரைப்படத்திலோ பழி தீர்த்தலும் சூளுரை நிறைவேறுதலும் முன்னிற்கின்றன. எனவே திரைப்படத்தை மட்டும் பார்ப்பவர், இரட்டையர் தெய்வமாக வணங்கப்படுவதன் காரணத்தை முழுமையாக அறிய இயலாது.

வழிபாடு

திருச்சிராப்பள்ளி மாவட்டம் மணப்பாறை அருகிலுள்ள வீரப்பூரில் ஆண்டுதோறும் மாசி மாதத்தில் விழா நடைபெறுகிறது. இக்கதையோடு தொடர்புடைய படுகளச் சடங்கில், வீழ்ந்தவர்களைப் போலக் கிடப்போரை எழுப்பும் நிகழ்வு இடம்பெறும். தங்காள் அண்ணன்மாரை உயிர்ப்பித்ததை இது நினைவுகூர்கிறது.