ஒராகாந்தியின் ஹரிசந்த்: தீட்சை கேட்காத ஒரு சமயம்

சமய நிறுவனர்களைப் பற்றிப் பேசும்போது நம் தரப்பில் ஒரு தயக்கம் எழுகிறது. சாமியார் என்றாலே மடமும் தீட்சையும் காணிக்கையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் சண்டாளர் என்று இழிக்கப்பட்ட மக்களுக்குள்ளிருந்து எழுந்த ஹரிசந்த் தாக்கூரை அந்த வரிசையில் தள்ளிவிட்டால் இழப்பு நமக்குத்தான்.

அவர் 1812இல் கிழக்கு வங்காளத்தின் ஃபரீத்பூர் பகுதியில் பிறந்தார். இன்று அது வங்கதேசத்தின் கோபால்கஞ்ச் மாவட்டம். ஆண்டில் பல மாதங்கள் தண்ணீர் நிற்கும் சதுப்பு நிலம். படகோட்டியும் மீன்பிடித்தும் வாழ்ந்த மக்கள் அந்தச் சேற்றைத் திருத்தி நெல்வயலாக்கினார்கள். விளைச்சலில் பங்கு கேட்டு வந்தவர்கள் பெரும்பாலும் உயர்சாதி ஜமீன்தார்கள். ஹரிசந்தின் குடும்பமே ஒரு ஜமீன்தாரின் பொய்க் கடன் வழக்கால் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டு ஒராகாந்தியில் குடியேறியது என்கிறது அவரது மரபு.

அங்கே வைணவம் ஏற்கெனவே இருந்தது. சைதன்யரின் பெயரால் எல்லோரும் ஹரி நாமம் சொல்லலாம் என்றார்கள். ஆனால் தீட்சை தரும் உரிமை கோசாயிகளிடம், பந்தியில் இடம் தனி. நாமத்தில் சமத்துவம், சோற்றில் சாதி! ஹரிசந்த் கைவைத்தது இந்த இடத்தில்தான். தீட்சை வேண்டாம், தீர்த்த யாத்திரை வேண்டாம், பிராமணப் புரோகிதர் வேண்டாம் என்றார். துறவையும் மறுத்தார். கை உழைக்கட்டும், வாய் நாமம் சொல்லட்டும் என்பதே அவர் காட்டிய வழி. உழுது பிழைப்பவருக்குத் துறக்க என்ன இருக்கிறது? உழைப்பை இழிவாக்கிய சமூகத்தில் உழைப்பையே வழிபாடாக்கியது சிறிய காரியமல்ல. ஆணும் பெண்ணும் சேர்ந்து முரசடித்து ஆடிப் பாடினார்கள். வெறிபிடித்தவர்கள் என்ற பொருளில் மற்றவர்கள் 'மதுவா' என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலியையே அவர்கள் தங்கள் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

1872-73இல் அந்த வட்டாரத்தில் ஒரு புறக்கணிப்பு நடந்தது. வசதியான ஒருவர் வீட்டு நீத்தார் விருந்துக்கு வர உயர்சாதியினர் மறுத்தார்கள். அவர்களுக்கு இனி எந்த வேலையும் செய்வதில்லை என்று மக்கள் முடிவெடுத்தார்கள். சிறையில் தங்கள் சாதிக் கைதிகளை மட்டும் துப்புரவு வேலைக்குத் தள்ளுவதையும் எதிர்த்தார்கள். ஃபரீத்பூர், பாக்கர்கஞ்ச் மாவட்டங்களில் சில மாதங்கள் நீடித்த அப்போராட்டம், கூலியின்றி வாழ முடியாத ஏழைகளின் பசியால் முடிந்தது. அப்போது ஹரிசந்துக்கு அறுபது வயது. அவரது சமயம் வளர்ந்த மண்ணின் கொதிப்பு இது.

1878இல் ஹரிசந்த் மறைந்தார். மகன் குருசந்த் சமயத்தைப் பள்ளிக்கூடமாக்கினார் என்று சொன்னால் மிகையில்லை. 1880இல் ஒராகாந்தியில் பள்ளி தொடங்கினார். உணவு இல்லாவிட்டாலும் பிள்ளையைப் படிக்க வையுங்கள் என்பதே அவர் ஓயாமல் சொன்னது. ஆஸ்திரேலிய பாப்டிஸ்ட் மிஷனரி மீட் மதமாற்றத்தை எதிர்பார்த்து வந்தார். குருசந்த் அவரிடமிருந்து பள்ளியையும் மருத்துவத்தையும் பெற்றுக்கொண்டார், மதம் மாறவில்லை. (அரசியல் சாதுரியம் என்றால் இதுதான்.) 1905இன் சுதேசி இயக்கத்தில் சேரவும் மறுத்தார், அது நிலக்கிழார்களின் இயக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 'சண்டாளர்' நீங்கி 'நாமசூத்திரர்' நிலைபெற்றது. இந்த விழிப்பின் தொடர்ச்சியாகவே, 1946இல் ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோர் அம்பேத்கரை வங்காளத்திலிருந்து அரசியல் நிர்ணய சபைக்கு அனுப்பினார்கள்.

தாரக் சந்திர சர்க்கார் இயற்றிய 'ஹரிலீலாம்ருதம்' ஹரிசந்தை அவதாரமாக்குகிறது. பக்தரின் மொழி அது. நாம் கோபப்பட வேண்டியதில்லை. புரோகிதரை மறுத்தவரைப் புராணத்துக்குள் அடக்கும் வேலை அதிலேயே தொடங்கிவிட்டது என்பதைக் கவனித்தால் போதும். இன்று அந்த வேலையைக் கட்சிகள் செய்கின்றன. பிரிவினைக்குப் பின் குருசந்தின் பேரன் பிரமத ரஞ்சன் தாக்கூர் மேற்கு வங்கத்தில் தாக்கூர்நகரை உருவாக்கினார். அங்கே பாருணி மேளாவுக்குச் சிவப்புக் கொடியும் முரசுமாக லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். எதிரெதிர்க் கட்சிகளின் மேடைகளில் ஹரிசந்தின் படம் இருக்கிறது. கூட்டத்தில் பலர், 2003 குடியுரிமைத் திருத்தத்துக்குப் பிறகு, தாங்கள் இந்நாட்டவர் என்று காட்டக் காகிதம் தேடிக்கொண்டிருப்பவர்கள்.