வேலை போனதால் பிறந்த விளையாட்டு

ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் பீரியடுக்குள்ள ஸ்கிராபிளைக் கொண்டு வரலாம்னு ஒரு திட்டம். "பாடம் நடத்தச் சொன்னா விளையாட்டு காட்டுறீங்களா சார்?"னு யாராவது கண்டிப்பா கேட்பாங்க. பதில் தயாரா இருக்கட்டுமேன்னு அதோட வரலாற்றைக் கொஞ்சம் தோண்டினேன். சுவாரசியமான கதைங்க!

ஆல்ஃப்ரட் பட்ஸ் அமெரிக்காவில் ஒரு கட்டிடக்கலைஞர். 1930களின் தொடக்கத்தில், பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை போச்சு. மனுஷன் விளையாட்டுகளை அலச ஆரம்பிச்சார். பகடை மாதிரி முழுக்க அதிர்ஷ்டத்தை நம்புறது ஒரு வகை, செஸ் மாதிரி முழுக்க மூளையை நம்புறது இன்னொரு வகை. ரெண்டும் கலந்து ஒண்ணு வேணும்னு நினைச்சார். நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தை எடுத்து வச்சு, எந்த எழுத்து எத்தனை தடவை வருதுன்னு எண்ணினார். (கம்ப்யூட்டர் இல்லாத காலம், கையாலதான்!)

அதனாலதான் இங்கிலீஷ் ஸ்கிராபிளின் 100 வில்லைகளில் 'இ' மட்டும் 12. 'க்யூ' ஒண்ணே ஒண்ணு. அடிக்கடி வர்ற எழுத்தா இருந்தும் 'எஸ்' வெறும் 4. எல்லா வார்த்தைக்கும் வால்ல ஒரு எஸ் ஒட்டி ஒப்பேத்திடக் கூடாதாம். நம்ம பசங்களை அப்பவே பார்த்திருப்பார் போல :-)

பெரிய கம்பெனிகள் வேண்டாம்னுட்டாங்க. 1948ல் ஜேம்ஸ் புருனோ என்பவர் உரிமையை வாங்கி, ஸ்கிராபிள்னு பேர் வச்சார். 1950களில்தான் விற்பனை பிச்சுக்கிட்டுப் போச்சு.

எனக்குப் பிடிச்சது அந்த அதிர்ஷ்டக் கலவைதான். பரீட்சைன்னா எப்பவும் அதே நாலு பேர்தான் முன்னாடி. இங்கே நல்ல எழுத்து கையில விழுந்தா, கடைசி பெஞ்சும் ஒரு ரவுண்டு ஜெயிக்கலாம். இங்கிலீஷ்னாலே வாயை இறுக்கி மூடிக்கிற பையன், ஒரு தடவை ஜெயிச்சா அடுத்த ரவுண்டுக்குத் தானா வருவான்.

ஆனா எச்சரிக்கையும் இதே வரலாற்றில் இருக்கு. 2015ல் நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ், பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் ஜெயிச்சார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது! சுமார் 9 வாரத்தில் வார்த்தைப் பட்டியலை உருப்போட்டுட்டுப் போனவர். உருப்போடுறதுக்கு நம்ம ஊர்ல புதுசா ஒரு விளையாட்டு வேற வேணுமா?

அதனால என் வகுப்புக்கு ஒரு கூடுதல் விதி: வார்த்தையை வச்சா மட்டும் பத்தாது, அதை வச்சு ஒரு வாக்கியம் சொன்னாத்தான் புள்ளி. தடுமாறினா கூட இருக்கிறவங்க எடுத்துக் கொடுக்கலாம்.

40 பேருக்கு பத்து போர்டு வாங்கக் கட்டுப்படியாகாது. அதுக்கும் பட்ஸே வழி காட்டியிருக்கார். அவர் முதல்ல செஞ்ச 'லெக்சிகோ'வுக்கு போர்டே கிடையாது, எழுத்து வில்லைகள் மட்டும்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டினா செலவில்லாம வேலை முடிஞ்சது.

இனி ஒரே கவலை, சத்தம். பக்கத்து வகுப்பு டீச்சரை எப்படிச் சமாளிக்கிறதுன்னு அனுபவசாலி வாத்தியார்கள் பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க, புண்ணியமாப் போகும்!