சூலூர் வானத்துக்கு ஒரு சின்னம்

திருப்பூர் வட்டாரத்தாருக்குப் 'பிசிறு' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. தைத்து முடித்த பனியனில் நீண்டு நிற்கும் நூல்முனைகளை வெட்டி நீக்குவதே அங்கே ஒரு தனி வேலை. பிளாஸ்டிக் மாதிரி வானூர்திகளை வீட்டில் ஒட்டிச் சேர்ப்பவருக்கும் இச்சொல் பொருந்தும். அச்சின் இடுக்கில் கசிந்து உறைந்த பிசிறைச் சுரண்டி எடுக்காவிட்டால் இறக்கை உடலோடு சேராது. பின்னலாடை ஊர்களுக்குத் தொலைவாகத் தோன்றும் இப்பொழுதுபோக்கு, அவ்வூர்களின் மறந்துபோன வரலாறு ஒன்றுக்கு நம்மை இட்டுச் செல்வதை இங்கே எடுத்துரைக்க விழைகிறோம்.

இக்கலையின் தொடக்கம் இங்கிலாந்தில். 'ஃப்ராக்' நிறுவனம் 1936இல் 'பெங்குவின்' என்ற பெயரில் பிளாஸ்டிக் வானூர்தித் தொகுப்புகளை வெளியிட்டது. 72இல் ஒரு பங்கு என்ற அளவு அப்போதே நிலைபெற்றது. அதாவது, மெய்யான வானூர்தியின் ஆறடி, மாதிரியில் ஓர் அங்குலம். ஹங்கேரியிலிருந்து வந்து குடியேறிய நிக்கோலஸ் கோவ் 1939இல் தொடங்கிய ஏர்ஃபிக்ஸ், காற்றடைத்த பொம்மைகளும் பிறகு சீப்புகளும் செய்து, 1949இல் ஃபெர்கூசன் டிராக்டரின் மாதிரிக்கு வந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரில் மரவணிகமாகத் தொடங்கிய தமியா, 1960இல் யமாட்டோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வார்த்தது. ஹசெகாவா, அவோஷிமா முதலிய நிறுவனங்களும் அதே வட்டாரத்தில் வேர்விட்டன. ஒரு தொழிலால் உலகறிந்த ஊர் எத்தகையது என்பதைத் திருப்பூராருக்கு நாம் சொல்ல வேண்டுமா?

இனி நம் வானத்துக்கு வருவோம். கோவையிலிருந்து பல்லடம் நோக்கிச் செல்லும் திருச்சி சாலையில், விசைத்தறி ஊர்களின் நடுவே இருப்பது சூலூர். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில் பிரித்தானியக் கடற்படை அங்கே ஒரு வானூர்தித் தளம் வைத்திருந்தது. அதன் பெயர் 'வைரி'. தமிழில் அது ஒரு வேட்டைப் பறவையின் பெயர். கடலே இல்லாத கொங்கு மண்ணில் கடற்படைத் தளம்! விடுதலைக்குப் பின் 1961 செப்டம்பர் 5 அன்று இந்தியக் கடற்படையின் 'ஹன்சா' தளமும் சூலூரிலேயே தொடங்கப்பெற்றது. விக்ராந்த் கப்பலுக்கென வாங்கிய சீ ஹாக், அலிஸே வானூர்திகள் இங்கிருந்து பறந்தன. 1964இல் ஹன்சா கோவாவுக்குப் பெயர்ந்தது. விமானப்படையின் தேஜஸ் அணியொன்று 2018இல் சூலூர் வந்து சேர்ந்தது. 2020இல் இரண்டாம் அணி அங்கேயே உருவாயிற்று. தேஜஸைப் பலர் அறிவர். ஹன்சாவை அறிந்தவர் சிலர். வைரியை அறிந்தவர் அரிதினும் அரிது.

மாதிரி செய்பவர் இம்மறதியோடு சமரசம் செய்துகொள்ள இயலாது. சீ ஹாக்கின் இறக்கை விரிவு 39 அடி. மாதிரியில் ஆறரை அங்குலம். பசை பாலிஸ்டைரீனைக் கரைத்து இரு பாதிகளையும் ஓருடலாக்குகிறது. அதுவரை அது எந்த நாட்டுக்கும் உரியதன்று. வண்ணம் பூசத் தூரிகையை எடுக்கும்போதுதான் கேள்வி எழுகிறது: எந்த ஆண்டு? எந்தத் தளம்? மேற்புறம் கருஞ்சாம்பல், அடிப்புறத்துக்கு 'ஸ்கை' என்ற நிறம். பெயர் வானமாயினும் பார்வைக்கு அது வெளிர்பச்சை. சாயப்பட்டறையில் ஷேடு பார்த்துப் பழகிய கண்ணுக்குப் பெயரும் நிறமும் வெவ்வேறாக இருப்பது வியப்பன்று. பிறகு நீரில் நனைத்து நழுவவிடும் சின்னங்கள். 1961இன் சூலூர் எனில், வெளிவட்டம் காவி, இடையில் வெள்ளை, நடுவே பச்சை. 1945இன் வைரித் தளத்து வானூர்தி எனில், பிரித்தானியச் சின்னத்தில் சிவப்பே இருக்கலாகாது. ஜப்பானியரின் செவ்வட்டத்தோடு குழம்பி நம்மவரே நம்மவரைச் சுட்டுவிடாதிருக்க, இந்திய–பர்மியப் போர்க்களத்தில் அந்நிறத்தை நீக்கியிருந்தனர். ஒரு பொட்டுச் சிவப்பு, ஓர் ஆண்டையே பொய்யாக்கிவிடும். இதனை வரலாற்று ஆய்வு என்னாமல் வேறென்னென்பது?

திருப்பூரில் ஆடை நம்முடையது. கழுத்தில் தைக்கும் லேபிள் அயலாருடையது. 2010களில் ஏர்ஃபிக்ஸ் தொகுப்புகள் பல இந்தியாவிலேயே வார்க்கப்பட்டபோதும் கதை அதுவே: வார்ப்பு நம்முடையது, பெட்டியின் பெயர் அவர்களுடையது. ஆனால் வீட்டு மேசையில் அம்முறை தலைகீழாகிறது. அயலார் வடித்த உருவத்தின்மீது நம் சின்னத்தை ஒட்டுபவர், 'இது சூலூரில் பறந்தது' என்று பதிவுசெய்கிறார். அவ்வாறு பதிவுசெய்ய அவர் முதலில் தேடவேண்டும், படிக்கவேண்டும், ஓடுபாதையருகே வாழ்ந்த முதியோரிடம் கேட்கவேண்டும். வைரியையும் ஹன்சாவையும் நேரில் கண்ட தலைமுறை விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. பிளாஸ்டிக் காத்திருக்கும், அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.